பாட்டை எழுதியவர்கள் – 14: பிடில்காரர் குறுக்கே வந்தார்

கூத்துப் பாட்டை யார் ஸ்வரப்படுத்துவது என்று திண்டிவனத்தில் கிளம்பிய இந்தத் தொடர், அமெரிக்க இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்டு சீகரிடம் வந்து நின்றது நினைவிருக்கும். அவருடைய 1931-ம் ஆண்டு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை இந்த வாரம் பார்ப்பதாகப் பேச்சு. அதற்குள் ஒரு பிடில்காரர் குறுக்கே வந்துவிட்டார்.

கென்டக்கி மாநிலத்து வில்லியம் ஸ்டெப். 1937-ல் நாட்டுப்பாடல்களைத் தேடி அலைந்த ஆலன் லோமாக்ஸ், சேலியர்ஸ்வில் ஊரில் ஒலிப்பதிவுக் கருவியை இவர் முன்னால் வைத்தார். ஸ்டெப் எடுத்தது ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’. நெப்போலியனின் பின்வாங்கலைப் பேரில் சுமக்கும் பழைய மெட்டு. மற்றவர்கள் படை நடக்கும் வேகத்தில் வாசிப்பதை இவர் குதிரைப் பாய்ச்சலில் வாசித்துத் தள்ளினார். அந்த இசைத்தட்டு வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய், அங்கிருந்து ரூத்தின் மேசைக்கு வந்தது.

லோமாக்ஸ் தந்தையும் மகனும் தொகுத்த ‘அவர் சிங்கிங் கன்ட்ரி’ நூலுக்கு இசைப் பதிப்பாசிரியர் ரூத். தட்டில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கேட்டதை ஸ்வரமாக எழுதுவது வேலை. வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் காதிலும் அதுவே விழுந்துகொண்டிருந்தது. மைக், பெகி இருவரும் பின்னாளில் நாட்டுப்பாடல் கலைஞர்களாகப் பேர் வாங்கினார்கள். (‘வீ ஷல் ஓவர்கம்’ பாட்டை ஊரெங்கும் கொண்டுபோன பீட் சீகர், ரூத்தின் கணவர் சார்லஸின் மூத்த தாரத்து மகன்.)

நூல் 1941-ல் வந்தது. மறுவருடமே ஆரன் கோப்லாண்ட் ‘ரோடியோ’ பாலேக்கு இசையமைத்தபோது, ‘ஹோ-டவுன்’ பகுதிக்கு ஸ்டெப்பின் மெட்டை அந்த நூலிலிருந்து கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டார். 1972-ல் எமர்சன், லேக் அண்ட் பாமர் ராக் குழு அதை மின்சார இசையாக்கியது. 1990-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மாட்டிறைச்சி விளம்பரத்துக்கும் அதுதான் பின்னணி! கோப்லாண்டின் மெட்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். ஸ்டெப்பின் கை, ரூத்தின் காது இரண்டும் அதற்குள் இருக்கின்றன.

இந்தக் காது நாட்டுப்பாடலில் மட்டும் பழகியதல்ல. 1930-ல் கூகன்ஹைம் நிதிநல்கை பெற்ற முதல் பெண் இசையமைப்பாளர் ரூத். பெர்லினில் உட்கார்ந்து, ஒரு வாத்தியம் போகும் வழியில் இன்னொன்று போகாத நவீன இசையை எழுதியவர். சீரான தாளக்கட்டைத் தன் இசையிலேயே உடைத்தவருக்கு, கிராமத்துப் பாடகர் அரை மாத்திரை கூட்டிப் பாடினால் அது பிழையாகப் படவில்லை. தாளக் குறியையே அடிக்கு அடி மாற்றி, பாடியபடி எழுதினார்.

விழுப்புரம் பக்கத்து நடவுப் பாட்டுக்கும் இந்தக் காதுதான் வேண்டும். முன்னவள் எடுத்த அடியை மற்றவர்கள் வாங்கும்போது மூச்சுக்கேற்ப நீளும், குறுகும். கூத்திலும் அப்படித்தான், விருத்தத்தை வாத்தியார் தன் இஷ்டத்துக்கு இழுக்க, முகவீணை பின்னால் தொத்திக்கொண்டு வரும். இவற்றை ஆதி தாளத்துக்குள் அமுக்கி எழுதினால் கச்சேரிக்கு ஆகும், கூத்துக்கு ஆகாது. கூத்தோடு பிணைந்த செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டெபைடெல் 1988-ல் பெரிய புத்தகமே போட்டார். கதைக்கும் சடங்குக்கும் அப்படி ஓர் ஆள் கிடைத்தார். மெட்டுக்கும் ஒருவர் கிடைக்க வேண்டும்.

தான் ஸ்வரம் எழுதிய முறையை விளக்கி ‘அவர் சிங்கிங் கன்ட்ரி’ நூலுக்கு நீண்ட முன்னுரை ஒன்றும் ரூத் எழுதினார். நாட்டுப்பாடகர்கள் கடைசி அடியில் வேகம் குறைத்து உருகுவதில்லை என்பது அவருக்குப் பிடித்த கவனிப்பு. நூலில் இடம் கிடைத்தது சுருக்கத்துக்குத்தான். முழுக் கட்டுரை தனி நூலாக அச்சேறியது 2001-ல். ரூத் 1953-லேயே இறந்துவிட்டார். பதிப்பாளர்களின் பக்கக் கணக்கு எந்த ஊரிலும் ஒன்றுதான்.

குவார்ட்டெட் அடுத்த வாரம். மூன்றாம் பகுதியில் நான்கு வாத்தியங்களும் நீள ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு நேரத்தில் உரத்துத் தணியும். அதை மட்டுமாவது பார்த்துவிடலாம். ரூத்தின் இசையை ஆரம்பத்திலேயே அச்சிட்டு ஆதரித்த ஹென்றி கோவெல், பின்னாளில் ‘மெட்ராஸ்’ என்றே ஒரு சிம்பொனி எழுதி, அது 1959-ல் இங்கேயே வாசிக்கப்பட்ட கதையும் காத்திருக்கிறது. அதற்குள் ஸ்டெப்பின் பதிவை முதலிலும் ‘ஹோ-டவுன்’ இசையைப் பிறகும் கேட்டு வையுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.