கிராப் டேட்டாபேஸ்: வேகமும் வேண்டும், பூட்டும் வேண்டும்

டேட்டாபேஸ் என்றவுடன் நம் மனதில் தோன்றுவது எக்ஸெல் ஒர்க்ஷீட் போலக் கட்டம் கட்டமாக அமைந்த டேபிள்கள் தான். பெயர் ஒரு கட்டத்தில், ஊர் அடுத்த கட்டத்தில், போன் எண் அதற்கடுத்த கட்டத்தில் என வரிசையாக எழுதி வைக்கிறோம். ஒருவரின் போன் எண்ணைத் தேட இது போதும். ஆனால் "சின்ன மாமாவின் மருமகனுக்கும் பெரியப்பாவின் சம்பந்திக்கும் ஏதேனும் உறவு உண்டா?" என்று கேட்டால், டேபிள் தடுமாறத் தொடங்கும். ஒவ்வொரு உறவைத் தாண்டுவதற்கும் டேபிளை இன்னொரு முறை இணைக்க வேண்டியதிருக்கும். இத்தகைய கேள்விகளுக்கென்றே உருவானது கிராப் டேட்டாபேஸ்.

இதில் ஒவ்வொரு நபரும் ஒரு புள்ளி. இதனை நோட் என்பார்கள். இரண்டு நோட்களை இணைக்கும் கோடு ரிலேஷன்ஷிப். "மகன்", "மனைவி", "நண்பர்" என அந்தக் கோட்டிற்கு ஒரு பெயர் உண்டு. நோட், கோடு இரண்டிலும் வயது, தேதி போன்ற விபரங்களை எழுதி வைக்கலாம். இந்த வகையில் பலரும் அறிந்தது ஸ்வீடன் நாட்டில் தொடங்கப்பட்ட நியோ4ஜே. இதன் 1.0 பதிப்பு 2010ல் வெளியானது. இதற்கான குவரி மொழியின் பெயர் சைபர். கிராப் டேட்டாபேஸ்களுக்கென ஜி.க்யூ.எல். என்ற பொது மொழியை ஐ.எஸ்.ஓ. அமைப்பு 2024 ஏப்ரலில் வெளியிட்டது. சைபர் அறிந்தவர்களுக்கு அதுவும் பழகிய மொழியாகவே இருக்கும்.

இதன் பலத்தை உலகிற்குக் காட்டியது 2016ல் வெளியான பனாமா பேப்பர்ஸ். ஒரு கோடியே 15 லட்சம் ஆவணங்கள், 2.6 டெராபைட் அளவு. இவற்றை ஆராய்ந்த சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு, எந்த நிறுவனத்தின் பின்னால் எந்த மனிதர், எந்த முகவரி என்ற தொடர்புகளை நியோ4ஜே மூலம் தேடியது. பின்னர் அந்த நிறுவனங்கள், நபர்கள் குறித்த விபரங்களை யாரும் டவுன்லோட் செய்து பார்க்கும் வகையிலும் தந்துள்ளது. வீட்டிலிருந்து பழக விரும்புவோருக்கு இது நல்ல பயிற்சிக் களம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேபிள் ஒன்று திருடு போனால் பெயர்களும் எண்களும் போகும். கிராப் டேட்டாபேஸ் திருடு போனால் யாருக்கு யார் வேண்டியவர், யார் யாரிடம் கடன்பட்டவர் என்ற உறவு முழுவதும் போகும். நமக்கு எவ்வளவு விரைவாகப் பதில் தருகிறதோ, அதே விரைவில் உள்ளே நுழைந்தவனுக்கும் தரும். எனவே வேகமும் பாதுகாப்பும் சேர்ந்தே கவனிக்கப்பட வேண்டும். இரண்டிற்கும் தனித்தனியே உழைக்க வேண்டுமோ என அஞ்ச வேண்டாம். கீழே தரப்பட்டுள்ள பழக்கங்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஒரு சேரத் தருபவை. (கட்டளைகளை இங்கு ஒலிப்படி தமிழில் தந்துள்ளோம். கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திடவும்.)

முதல் நோட் எங்கே?

கிராப் டேட்டாபேஸில் ஒரு நோட்டிலிருந்து அடுத்த நோட்டிற்குச் செல்வது மிக வேகமாக நடக்கும். காரணம், ஒவ்வொரு நோட்டும் தன்னோடு இணைந்த கோடுகள் எங்கே உள்ளன என்பதைத் தானே வைத்திருக்கிறது. தாமதம் ஏற்படுவது பெரும்பாலும் முதல் நோட்டைத் தேடுவதில் தான். இரண்டு லட்சம் பேரில் "முருகன்" யார் எனக் கண்டறிய, இண்டெக்ஸ் இல்லையென்றால், ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். பெயருக்கு ஒரு இண்டெக்ஸ் அமைத்துவிட்டால், புத்தகத்தின் பின்னால் உள்ள பொருளடைவைப் பார்ப்பது போல நேராக அந்த இடத்திற்குச் சென்றுவிடும்.

உறுப்பினர் எண் போல ஒருவருக்கு ஒன்று மட்டுமே இருக்கக் கூடிய விபரம் என்றால், இண்டெக்ஸிற்குப் பதிலாக யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் என்னும் கட்டுப்பாட்டினை அமைத்திடுங்கள். இது இண்டெக்ஸையும் தானே உருவாக்கிக் கொள்ளும். ஒரே எண்ணில் இரண்டு பேர் பதிவாவதையும் தடுக்கும்.

இண்டெக்ஸ் அமைத்தும் வேகம் வரவில்லையா? இரண்டு காரணங்களைச் சரி பார்க்கவும். குவரியில் "நபர்" என்ற லேபிளைக் குறிப்பிட மறந்திருக்கலாம். லேபிளுடன் சேர்த்துத் தான் இண்டெக்ஸ் அமைகிறது. அடுத்து, பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்றி ஒப்பிடும்படி குவரி எழுதியிருக்கலாம். சேமித்த பெயரைக் குவரியிலேயே மாற்றினால் இண்டெக்ஸ் பயன்படாது. சேமிக்கும் போதே சின்ன எழுத்தில் சேமித்துவிடுவது நல்லது.

எந்தக் குவரிக்கும் முன்னால் "ப்ரொஃபைல்" என்ற சொல்லைச் சேர்த்து இயக்கினால், எத்தனை முறை டேட்டாபேஸைத் தொட்டது என்ற கணக்கு "டிபி ஹிட்ஸ்" எனக் கிடைக்கும். இண்டெக்ஸிற்கு முன்னும் பின்னும் இதனைப் பார்த்து ஒப்பிடுங்கள். இதில் குவரி உண்மையாகவே இயங்கும் என்பதால், அழிக்கும் கட்டளைகளுக்கு "எக்ஸ்ப்ளெய்ன்" பயன்படுத்தவும். அது திட்டத்தை மட்டும் காட்டும், எதையும் இயக்காது.

எத்தனை படி தாண்டலாம்?

ஒருவருக்கு 50 பேர் தெரியும் என வைத்துக் கொள்வோம். இரண்டாவது படியில் 2,500 வழிகள். மூன்றாவதில் 1,25,000. நான்காவதில் 62,50,000. ஐந்தாவதில் 31 கோடியே 25 லட்சம்! சைபர் மொழியில் எத்தனை படி என்று சொல்லாமல் நட்சத்திரக் குறி மட்டும் போட்டுத் தேடினால், இந்தக் கணக்கு தான் உங்கள் கம்ப்யூட்டரின் மெமரியை விழுங்கும். எனவே 1 முதல் 3 வரை என்பது போல எல்லையை எப்போதும் எழுதிடுங்கள்.

"சென்னை" என ஒரு நோட் அமைத்து எல்லோரையும் அதனுடன் இணைத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்த நோட் வழியாகச் செல்லும் குவரி, சென்னைக்காரர் அனைவரையும் உறவுக்காரராகக் கருதித் தேடத் தொடங்கும். எந்த வகைக் கோடு வழியே செல்ல வேண்டும் என்பதைக் குறிப்பிட்டால் இந்தச் சிக்கல் வராது.

இந்த எல்லை வேகத்திற்கு மட்டும் அல்ல. உங்கள் டேட்டாபேஸ் ஓர் இணைய தளத்தின் பின்னால் இயங்கினால், எல்லையற்ற ஒரு தேடலை யாரேனும் பத்து முறை அனுப்பினாலே சர்வர் மூச்சுத் திணறி நின்றுவிடலாம். குவரி இயங்கும் நேரத்திற்கு நியோ4ஜே தானாக எல்லை எதுவும் வைப்பதில்லை. கான்பிகரேஷன் பைலில் டிரான்சாக்ஷன் டைம்அவுட் என்ற இடத்தில் 30 நொடி என்பது போல நாமே அமைத்திட வேண்டும்.

மதிப்பு வேறு, கட்டளை வேறு

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், இதனை வையுங்கள். தளத்தில் ஒருவர் டைப் செய்யும் பெயரை அப்படியே குவரியில் ஒட்டிவிடுவது தான் மிகப் பெரிய ஆபத்து. எடுத்துக்காட்டாக, நம் குவரி இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

மேட்ச் (ந:நபர்) வேர் ந.பெயர் = '...' ரிட்டர்ன் ந.போன்

புள்ளிகள் உள்ள இடத்தில் முருகன் என வந்தால் முருகனின் போன் எண் கிடைக்கும். ஆனால் ஒருவர் பெயருக்குப் பதிலாக

' ஆர் '1'='1

என டைப் செய்தால்? முதல் மேற்கோள் குறி நம் குவரியில் உள்ள பெயரை முடித்துவிடுகிறது. "அல்லது 1ம் 1ம் சமம் எனில்" என்ற நிபந்தனை சேர்ந்துவிடுகிறது. அது எப்போதும் உண்மை தானே! எனவே டேட்டாபேஸில் உள்ள அத்தனை பேரின் போன் எண்ணும் வெளியே வந்துவிடும். இதே வழியில் "டிடாச் டெலீட்" என்ற கட்டளையை நுழைத்து, மீதியை இரண்டு சாய்கோடுகளால் மறைத்துவிட்டால், நோட்கள் அனைத்தும் அழியும்.

இதற்குத் தீர்வு பாராமீட்டர். பெயர் வர வேண்டிய இடத்தில் டாலர் குறியுடன் $பெயர் என எழுதிவிட்டு, மதிப்பைத் தனியே அனுப்ப வேண்டும். அதில் மேற்கோள் குறி இருந்தாலும், கட்டளை இருந்தாலும், டேட்டாபேஸ் அதனை வெறும் பெயராகவே பார்க்கும். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று சொல்லிவிடும்.

வேகம் எங்கே வருகிறது என்கிறீர்களா? ஒவ்வொரு குவரியையும் இயக்கும் முன், எந்த வழியில் தேடுவது என டேட்டாபேஸ் ஒரு திட்டம் தயாரிக்கிறது. தயாரித்த திட்டத்தை நினைவில் வைத்துக் கொள்ளும். பெயரை ஒட்டி எழுதினால் முருகனுக்கு ஒரு குவரி, மாலதிக்கு ஒரு குவரி என ஒவ்வொன்றும் புதிதாகத் தெரியும். எளிய குவரிகளில் நியோ4ஜே தானே இதனைச் சரி செய்ய முயலும் என்றாலும், அதனை நம்பி இருக்க வேண்டாம். பாராமீட்டர் இருந்தால் குவரியின் வரி மாறுவதே இல்லை; பழைய திட்டமே மீண்டும் பயன்படும்.

லேபிள், கோட்டின் வகை ஆகியவற்றின் இடத்தில் இந்தச் சாதாரண பாராமீட்டர் செல்லாது. பயனாளர் அவற்றைத் தேர்ந்தெடுக்கும்படி தளத்தை அமைத்தால், அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்துக் கொண்டு, அதில் இருந்தால் மட்டுமே ஏற்கவும்.

சாவி யார் கையில்?

2017 ஜனவரியில், பாஸ்வேர்ட் இன்றி இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். அது கிராப் டேட்டாபேஸ் அல்ல. ஆனாலும் பாடம் எல்லோருக்கும் பொது. நியோ4ஜே 7474, 7687 என்ற இரு போர்ட்களைப் பயன்படுத்துகிறது. வழக்கமான முறையில் இன்ஸ்டால் செய்தால் அதே கம்ப்யூட்டரிலிருந்து மட்டுமே அணுகலாம். யாரோ சொன்னார்கள் என்று இதனை 0.0.0.0 என மாற்றிவிட வேண்டாம். "அடிக்கடி பாஸ்வேர்ட் கேட்கிறது" என்று அதனை நிறுத்தியும் வைக்க வேண்டாம்.

தேட மட்டும் செய்யும் புரோகிராமிற்குப் படிக்கும் உரிமை போதும். நியோ4ஜேயின் எண்டர்பிரைஸ் எடிஷனில் இதற்கென "ரீடர்" என்ற ரோல் உள்ளது. இலவசமான கம்யூனிட்டி எடிஷனில் இந்த வசதி இல்லை. அங்கு ஒவ்வொரு பயனாளருக்கும் முழு உரிமை உண்டு. எனவே அதனைப் பயன்படுத்துவோருக்குப் பாராமீட்டர் இன்னும் முக்கியமாகிறது.

இப்போது புதிதாக ஒரு வாசல் திறந்துள்ளது. நாம் தமிழிலோ ஆங்கிலத்திலோ கேட்டால், ஏ.ஐ. புரோகிராம் அதனைச் சைபர் குவரியாக மாற்றி இயக்கித் தருகிறது. இத்தகைய பணியைச் செய்யும் லாங்செயின் தொகுப்பின் ஒரு பகுதியில், கேள்வியின் வழியாகவே தீய கட்டளையை நுழைக்கலாம் என்ற குறை 2024ல் அறிவிக்கப்பட்டது. இங்கே பாராமீட்டர் உதவாது. குவரி முழுவதையும் எழுதுவதே ஏ.ஐ. தான். படிக்கும் உரிமை மட்டும் உள்ள பயனாளராக அதனை நுழையச் செய்வதும், வெளியே போகக் கூடாத விபரங்களை அந்த டேட்டாபேஸில் வைக்காமல் இருப்பதும் தான் காப்பு.

எங்கிருந்து தொடங்கலாம்?

நியோ4ஜே டெஸ்க்டாப்பை உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவி, உறவுக்காரர்கள் 50 பேரைப் பதிந்து பாருங்கள். முதலில் டேட்டாபேஸை நிறுத்திவிட்டு ஒரு பேக்கப் எடுக்கவும். பின்னர் மேலே சொன்ன மேற்கோள் குறி வித்தையை உங்கள் புரோகிராமிலேயே செய்து பாருங்கள். எல்லோருடைய எண்ணும் வந்து விழுந்தால், பாராமீட்டருக்கு மாற்றிவிட்டு மீண்டும் முயலவும். அடுத்து இண்டெக்ஸ், அதன் பின் படிகளின் எல்லை, கடைசியாக நேர எல்லை என ஒவ்வொன்றாக அமைத்து, ஒவ்வொரு முறையும் ப்ரொஃபைல் காட்டும் கணக்கைக் குறித்து வையுங்கள். இவ்வளவும் செய்த பின்னரும் வேகம் போதவில்லை என்றால் மட்டும் கூடுதல் ராம் மெமரி வாங்குவது பற்றி யோசிக்கலாம்.