கடையில் நிற்கும் மகன் யார்?

"மூத்த மகன் என்னோடுதான் கடையில் நிற்கிறான்" என்று எமது வியாபாரிகள் பெருமையோடு சொல்வதுண்டு. ஆனால், அவர் அங்கே சம்பளத்துக்கு நிற்கிறாரா, பங்காளியாக நிற்கிறாரா, அல்லது வாப்பாவுக்கு ஒத்தாசையாக நிற்கிறாரா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இதை வாப்பாவும் மகனும் பேசித் தீர்மானிக்காமல் விடுவதால்தான் பின்னர் உடன்பிறப்புகள் பகையாளிகளாகிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவரின் புடைவைக் கடையில் மூத்தவர் சாதாரண தரப் பரீட்சையோடு வந்து சேர்கிறார். 15 வருடங்கள் உழைக்கிறார். சம்பளம் இல்லை, தேவைக்கு லாச்சியிலிருந்து எடுத்துக்கொள்வார். வாப்பா மௌத்தாகும்போது கடன்கள் போக கடையின் பெறுமதி 1 கோடி ரூபா. மனைவியும் இரண்டு ஆண் மக்களும் ஒரு மகளும் வாரிசுகள்.

மரணசாசனம் இல்லாதபோது, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி முஸ்லிம் ஒருவரின் சொத்து அவரது மத்ஹபின் விதிகளின்படியே பிரிக்கப்படும். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 12½ இலட்சம். மீதியில் ஆண் மக்களுக்குத் தலா 35 இலட்சம், மகளுக்கு 17½ இலட்சம். வெளிநாட்டில் தொழில் பார்த்த தம்பிக்கும் 35, கடையில் தேய்ந்த மூத்தவருக்கும் 35!

மூத்தவர் பாதிப் பங்காளி என்று முன்பே எழுதியிருந்தால், 50 இலட்சம் அவருடையது. எஞ்சிய 50 மட்டுமே வாரிசுச் சொத்து. அதிலும் அவருக்கு 17½ கிடைக்கும். மறுபக்கம், எழுத்தில்லாத மனக்குறையில் மூத்தவர் கடை முழுவதையும் பிடித்துக்கொண்டால், உம்மாவின் ஹக்கும் சகோதரியின் ஹக்கும் பறிபோகின்றன.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, மாதச் சம்பளம் பேசிக் கொடுப்பது. இரண்டாவது முளாரபா: முதல் வாப்பாவுடையது, உழைப்பு மகனுடையது, இலாபம் பேசிய விகிதப்படி. நட்டம் வந்தால் முதலுக்குரியவர் தாங்குவார், மகனுக்கு உழைப்பு வீண். மூன்றாவது முஷாரகா: இருவரும் முதல் போடுவது, நட்டம் முதலின் அளவுப்படி.

எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட முதலுள்ள பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) ஏவுவதை நாம் அறிவோம்.

வாப்பாவிடம் மகன் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்போர் உண்டு. எனவே பேச்சை வாப்பாதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாள் இஷாவுக்குப் பின் கணக்குக் கொப்பியோடு உட்காருங்கள். கடையில் நிற்கும் மகனை மட்டுமல்ல, உம்மாவையும் மற்றப் பிள்ளைகளையும் மஷூராவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாப்பா உயிரோடு இருந்து சொல்லும் ஒரு வார்த்தையை எல்லோரும் ஏற்பார்கள். அவருக்குப் பின் அதே வார்த்தையை மூத்தவர் சொன்னால், யார்தான் நம்புவார்?