இடம் எங்கே போயிற்று?

என் மடிக்கணினி 2016-ல் வாங்கியது. 128 ஜிபி எஸ்.எஸ்.டி. 2023 டிசம்பரில் ஒரு நாள் ‘சி’ டிரைவின் பட்டை சிவப்பாகி, பாக்கி 2 ஜிபிதான் என்று காட்டியது. வேலை எதுவும் ஓடவில்லை. பதறிப்போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்க ஆரம்பித்தேன்.

அழித்தவற்றில் அப்பாவின் குரல் இருந்த ஃபோல்டரும் ஒன்று. 2009-ல் ஊருக்குப் போயிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து அவர் தம் ரயில்வே உத்தியோக நாட்களைச் சொல்லச் சொல்லப் பதிவு செய்தது, 11 ஒலிப்பதிவுகள். பென்டிரைவில் நகல் இருக்கிறதென்ற தைரியத்தில் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். பிறகு பென்டிரைவைத் தேடியெடுத்துப் பார்த்தால் அதில் இருந்தவை நான்கே. நேரு பிளேஸில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால், அழித்த ஃபைலின் மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்க வழியுண்டாம். எஸ்.எஸ்.டி.யில் ‘ட்ரிம்’ என்று ஓர் ஏற்பாடு. ஃபைலை அழித்ததுமே, ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று வின்டோஸ் வட்டுக்குச் சொல்லிவிடுகிறது. வட்டும் தன் சௌகரியப்படி அதைத் துடைத்துவிடுகிறது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அந்த 11 பதிவுகளும் சேர்ந்து அடைத்திருந்த இடம் 400 எம்பி. அதாவது அரை ஜிபிகூட இல்லை. அப்படியானால் மீதி இடத்தை யார் தின்றது? ஆத்திரத்தில் தோண்ட ஆரம்பித்தேன். அன்பர்கள் சிலரும் இதே தொல்லையைச் சொல்வதால் கண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு விஷயம். 128 ஜிபி என்று வாங்கியது கணினியில் 119 என்றுதான் தெரியும். இதில் மோசடி ஏதுமில்லை. தயாரிப்பாளர் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்; வின்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. படி வேறு, நெல் ஒன்றுதான். அதிலும் ஒரு ஜிபி அளவுக்கு மீட்புப் பகுதிக்குப் போய்விட, எனக்கு மிஞ்சியது 118.

இனிதான் விஷயம். ‘சி’ டிரைவைத் திறந்து எல்லா ஃபோல்டர்களையும் தேர்ந்தெடுத்து மொத்த அளவு பார்த்தால் 98 ஜிபி. ஆனால் 116 செலவு என்கிறது கணினி. இந்த 18 ஜிபி எங்கே? ‘வியூ’ பகுதியில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதை டிக் செய்தேன், போதவில்லை. ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்த பிறகே ஆசாமிகள் வெளியே வந்தார்கள். (பார்த்து முடித்ததும் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடவும்.)

ஒருவர் ‘ஹைபர்ஃபில்’, 3.2 ஜிபி. ‘ஹைபர்னேட்’ செய்யும்போது நினைவகத்தில் உள்ளதை எழுதிவைக்க ஒதுக்கிய இடம். வின்டோஸ் 10 வழக்கமாக ராமின் அளவில் 40 சதவீதத்தை இதற்கு எடுத்துக்கொள்கிறது. என்னுடையது 8 ஜிபி ராம். நான் ஒரு நாளும் ஹைபர்னேட் செய்ததில்லை! நீக்குவது எளிது. ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி அடித்து, இடம் விட்டுச் சாய்கோடும் எச்சும், மறுபடி இடம் விட்டு ‘ஆஃப்’. ஃபைல் மறைந்துவிடும். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பும் கூடவே போய்விடும், கணினி எழுந்திருக்கச் சில விநாடி கூடுதலாகும், அவ்வளவே.

அடுத்தவர் ‘பேஜ்ஃபைல்’, 5 ஜிபி. ராம் போதாதபோது கைகொடுப்பவர். இவரைத் தொடாதீர்கள்.

மூன்றாமவர் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’, 9 ஜிபி. கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப வின்டோஸ் சேர்த்துவைக்கும் மூட்டை. ‘சிஸ்டம் ப்ரொடெக்ஷன்’ பகுதியில் ‘கான்ஃபிகர்’ அழுத்தி உச்சவரம்பை 3 ஜிபியாகக் குறைத்தேன்.

பிறகு ‘டிஸ்க் க்ளீனப்’. சாதாரணமாக ஓட்டினால் சில்லறைதான் கிடைக்கும். ‘க்ளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்ற பொத்தானை அழுத்தினால் பழைய அப்டேட்டுகளின் மிச்சமும் பட்டியலில் வரும். 7 ஜிபி கிடைத்தது. ஓர் எச்சரிக்கை: ‘செட்டிங்ஸ்’ வழியாக ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ பட்டியலுக்குப் போனால், அதில் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரும் குப்பையோடு குப்பையாக நிற்கும். நம்மில் பலர் பென்ஷன் சீட்டு, பாங்க் கணக்கு எல்லாம் அங்கேதான் வைத்திருக்கிறோம். அதற்கு டிக் போடாதீர்கள். வின்டோஸ் உள்ளே ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்றொரு பூதாகாரமான ஃபோல்டரும் கண்ணில் படும். ஒரே ஃபைலை இரண்டு பெயரில் எண்ணுவதால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. கையால் அழித்தால் கணினியே எழாமல் போகலாம்.

பெரிய திமிங்கலம் கடைசியில் சிக்கியது. ‘வின்டிர்ஸ்டாட்’ என்ற இலவச மென்பொருள், வட்டில் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் அதன் அளவுக்கேற்ற வண்ணக் கட்டமாக வரைந்து காட்டும். ஒரு மூலையில் பெரிய திட்டு. ‘யூசர்ஸ்’ உள்ளே மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’ ஃபோல்டரில் என் மகளின் பழைய ஐபோனின் முழு நகல், 14 ஜிபி! அந்தப் போனை அவள் 2019-லேயே விற்றுவிட்டாள்.

இந்தத் தடவை அழிக்கவில்லை. புனேவுக்குப் போன் செய்து கேட்டேன். “இருங்கப்பா, பார்த்துட்டுச் சொல்றேன்” என்றாள். இரண்டு நாள் கழித்து, “படமெல்லாம் என்கிட்ட தனியா இருக்கு, அழிச்சுடுங்க” என்றாள். அழித்தேன்.

எல்லாமாக 30 ஜிபிக்கு மேல் இடம் கிடைத்தது. வின்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆனால் 11-லும் இந்த ஃபைல்கள் இதே பெயரில்தான் ஒளிந்திருக்கின்றன.

மிஞ்சிய நான்கு பதிவுகளில் கடைசியில், விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு மழை இரவைப் பற்றி அப்பா சொல்ல ஆரம்பிக்கிறார். அதன் தொடர்ச்சி ஐந்தாவது பதிவில் இருந்தது.