தாழ்ந்த காரும் நெடுந்தூரப் பயணமும்

கன்னிவாடியில் எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. ஊரார் முயற்சியில் போடப்பட்டது. அகலம் குறைவு, உயரம் அதிகம். சென்ற தை மாதத்தில் என் பழைய மாணவர் ஒருவர் தாம் வாங்கியிருந்த இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் என்னைக் காண வந்தார். முன்சக்கரங்கள் தடையைக் கடந்தன. அடுத்த கணமே காரின் வயிறு தரையில் தேயும் ஓசை கேட்டது. குனிந்து பார்த்தோம். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில் கீறல் விழுந்து, துளித்துளியாக எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் வந்த காரணம் வேறு. தம் தந்தையாரை அந்தக் காரிலேயே நேபாளத்திற்கு அழைத்துச் சென்று, முக்திநாத் தரிசனம் செய்துவைக்க விரும்பினார். அதற்கு யோசனை கேட்க வந்தவர், “சார், புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதுதான் பந்தயக் காரின் பலம் என்று வகுப்பில் நீங்கள்தானே சொன்னீர்கள்? அந்தப் பலமே இப்போது வழியை மறிக்கிறதே!” என்றார்.

கேள்வி நியாயமானது. எண்ணெய் முழுவதும் வடிந்த நிலையில் எஞ்சின் ஓடினால், சில நிமிடங்களில் உலோகத்தோடு உலோகம் உரசிச் சூடேறி இறுகிவிடும். அது எங்கள் தெருவில் நேர்ந்தால் செலவு மட்டுமே. வயது முதிர்ந்த தந்தையுடன் இமயமலைச் சரிவில் நேர்ந்தால்?

ஒரு பழைய பந்தயம் தரும் பாடம்

1968-ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு மாபெரும் கார்ப் பந்தயம் நடந்தது. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லி வந்து, பம்பாயில் கார்களைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு சென்றனர். மொத்தத் தூரம் ஏறத்தாழ 16,000 கி.மீ. புறப்பட்டவை 98 கார்கள். சிட்னியை அடைந்தவை 56 மட்டுமே.

அவற்றில் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்களும் இருந்தன. ஆனால் வென்றது குடும்பத்தார் சவாரி செய்யும் ‘ஹில்மன் ஹண்டர்’ என்ற எளிய கார். பம்பாய் வரை முதலிடத்தில் வந்த காருக்கு ஆஸ்திரேலியாவில் முதலில் எஞ்சின் பழுதாயிற்று. பிறகு பின் அச்சின் பற்சக்கரங்கள் கெட்டன. போலந்து நாட்டு வீரர் ஓட்டிய ‘போர்ஷே 911’ நான்காவதாக வந்தது. ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் நெடும்பயணத்திற்கு உதவாது என்று சொல்லிவிட முடியாது. வேகத்திற்காக அமைந்த வண்டியைத் தாங்கும் வண்டியாக மாற்றிக்கொள்ள வேண்டும். இதில் ஒன்றைப் பெற வேண்டுமானால் வேறொன்றைச் சிறிது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

வயிற்றுக்கும் தரைக்கும் இடையே

முதலில் அளவெடுத்தோம். மாணவரின் காரில் தரைக்கும் வயிற்றுக்கும் இடைவெளி 12 செ.மீ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2.5 மீட்டர்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லைப்போல் அமைய வேண்டும். இத்தகைய மேட்டின்மேல் கார் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின்மீதே இருக்கும். அச்சுகளின் இடைத்தூரத்தை அதனாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், மேடு எவ்வளவு உயர்ந்து வயிற்றை நெருங்கும் என்பது கிடைக்கும். 6.25-ஐ 136-ஆல் வகுக்க, சுமார் 4.6 செ.மீ. எனவே முறையான வேகத்தடையில் இந்தக் கார் இடிக்காது.

எங்கள் தெருத் தடையோ அரை மீட்டர் அகலமே உடையது. அது முழுவதுமாக இரு அச்சுகளுக்கும் இடையே வந்துவிடுகிறது. அதன் முழு உயரமும் வயிற்றை நோக்கி நிற்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இருவரும் மூட்டைகளும் சேர்ந்து 200 கிலோ என்று கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்தின் சுருள்வில்லும் 1 மில்லிமீட்டர் அமுங்க 25 நியூட்டன் விசை தேவை என்றால், நான்கிற்கும் சேர்த்து 100 நியூட்டன். 200 கிலோவின் எடை சுமார் 1,960 நியூட்டன். ஆகவே கார் 2 செ.மீ. அமுங்கும். 12 செ.மீ. இடைவெளி 10 ஆகிவிடும்!

இதற்கு மூன்று பரிகாரங்கள் செய்தோம். அந்தக் காருக்கென்றே உற்பத்தியாளர் அனுமதித்த உயரமான சுருள்விற்களைப் பொருத்தி 3 செ.மீ. உயர்த்தினோம். எண்ணெய்த் தொட்டியைச் சீர்செய்து, அதன் கீழே 3 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டைக் கவசமாக முடுக்கினோம்; காற்றோட்டம் தடைபடாமலிருக்க அதில் துளைகள் உண்டு. மூட்டைகளையும் குறைத்தோம்.

உயர்த்தினால் கவிழும் அபாயம் கூடாதா? சிறிது கூடும். சக்கரங்களின் குறுக்கு இடைவெளியில் பாதி 75 செ.மீ.; புவியீர்ப்பு மையத்தின் உயரம் 45 செ.மீ. என்று கொண்டால் விகிதம் 1.67. மையம் 48 செ.மீ. ஆனால் 1.56. நல்ல சாலையில் டயரின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 1-க்குள்தான் இருக்கும். எனவே வளைவில் வேகம் மிஞ்சினால், சமதளச் சாலையில் கார் கவிழ்வதற்கு முன் வழுக்கவே செய்யும்.

டயரின் பக்கச்சுவர்

ஸ்போர்ட்ஸ் கார் டயரின் பக்கச்சுவர் குட்டையானது. இந்தக் காரில் 18 அங்குல விளிம்பும் 98 மில்லிமீட்டர் பக்கச்சுவரும் இருந்தன. வளைவுகளில் அது நெளியாது. ஆனால் குழியில் விழும்போது அதிர்ச்சியை உள்வாங்கப் போதிய இடமும் இல்லை. கிணற்றில் கயிறு இழுப்பவர் கையைச் சற்று வளைத்துக் கொடுப்பதுபோல, மோதலை நீண்ட தூரத்தில் வாங்கினால் விசை குறையும். குறுகிய தூரத்தில் வாங்கினால் விளிம்பே வளைந்துவிடும்.

ஆகவே 16 அங்குல விளிம்பும் 124 மில்லிமீட்டர் பக்கச்சுவரும் உள்ள டயர்களுக்கு மாறினோம். மொத்த விட்டம் ஏறத்தாழ அதே 65 செ.மீ.தான். அதனால் வேகமானி பிழை காட்டாது. மாற்றுவதற்குமுன், சிறிய விளிம்பு பிரேக்கில் தட்டாமல் சுழல்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

ஏறும்போது நீர், இறங்கும்போது பிரேக்

உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. 300 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் வீதம் நீரின் கொதிநிலையும் குறைகிறது. ரேடியேட்டரின் மூடி ஒரு பிரஷர் குக்கரைப்போல் உள்ளே அழுத்தத்தைக் காத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வளையம் கெட்டிருந்தால் புதிய ரேடியேட்டரும் பயன்படாது. சரிபாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த நீர், சுழிக்குக் கீழே 35 டிகிரியிலும் உறையாது. கொதிநிலையையும் சற்று உயர்த்தும். விலை குறைந்த மூடியை மறந்து விலை உயர்ந்தவற்றை மாற்றுவோர் பலர்.

இறங்கும்போது வேறு சோதனை. 1,500 கிலோ எடையுள்ள கார் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை சுமார் 1,800 மீட்டர் இறங்கினால், 2.6 கோடி ஜூலுக்கும் மேற்பட்ட ஆற்றல் வெளிப்படும். இது 30 டிகிரியிலுள்ள 90 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும்! இவ்வளவையும் பிரேக்கின் தலையில் சுமத்தக்கூடாது. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும்.

பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டாட் 4’ வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 வரை தாழலாம். அது கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதிகட்டை தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. எனவே புறப்படுமுன் இதைப் புதுப்பித்தே ஆக வேண்டும்.

நமக்கு ஒரு வசதி உண்டு. காத்மாண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். நேபாளச் சாலைக்கான சோதனைக்கூடம் நம் வாசலிலேயே இருக்கிறது. மாணவர் முழுச் சுமையுடன் இருமுறை ஏறி இறங்கினார். முதல் முறை பின் டயர் சக்கரக் கூண்டில் உரசியது தெரியவந்தது. அதைச் சரிசெய்தபின் இரண்டாம் முறை ஒரு குறையும் இல்லை.

எல்லையைக் கடக்க

இந்தியக் கார் நேபாளத்திற்குள் செல்ல, எல்லைச் சுங்கச் சாவடியில் நாள்கணக்கில் கட்டணம் செலுத்தி அனுமதி பெற வேண்டும். காப்பீட்டில் நேபாளத்தையும் சேர்த்துக்கொள்வது நலம். அங்கும் இடப்புறமே செல்வதால் முகப்பு விளக்கில் மாற்றம் வேண்டாம். மியான்மர், சீனா போன்ற வலப்புற நாடுகளிலோ, நம் காரின் தாழ்ந்த ஒளி எதிரே வருபவர் கண்ணில் படும். கண்ணாடியில் மறைப்பு ஒட்ட வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

எல்லாம் முடிந்தபின் முக்திநாத்தைப் பற்றிப் பேசினோம். அது 3,700 மீட்டருக்கும் மேலே உள்ளது. போக்கராவிலிருந்து செல்லும் வழியில் கற்களும் சரிவுகளும் மிகுதி. நாங்கள் பெற்ற 3 செ.மீ. அங்கே போதாது. காரைப் போக்கராவில் நிறுத்திவிட்டு, ஜீப்பில் மேலே செல்லுங்கள் என்றேன். மாணவரின் முகம் சற்று வாடியது. அவர் தந்தையார், “தம்பி, நான் சாமியைப் பார்க்க வருகிறேன், கார் வந்து பார்க்க வேண்டியதில்லை” என்று சொல்லிச் சிரித்தார். மழைக்கால மண்சரிவுகள் ஓய்ந்தபின், ஐப்பசியில் புறப்படுவதென்று முடிவாயிற்று.

வாசகர்கள் தங்கள் வண்டியையும் ஒருமுறை அளந்து பார்க்கலாம். வெறுமையாக நிற்கையில் ஓர் அளவு, குடும்பம் முழுதும் ஏறியபின் ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, பிறகு உங்கள் தெருவின் வேகத்தடையையும் அளந்து பாருங்கள்.