பல்கலைக்கழகமும் தொழிற்கூடமும்: கலைச்சொல் வழி இணைப்பு

பல்கலைக்கழகக் கல்வி தொழில்துறைக்கும் நாட்டு வளர்ச்சிக்கும் பயன்பட வேண்டும் என்னும் கருத்து இந்தியாவில் நெடுங்காலமாக வலியுறுத்தப்பட்டு வருகிறது. 1964இல் அமைக்கப்பட்ட கோத்தாரிக் கல்விக்குழு, 1966இல் அளித்த தன் அறிக்கைக்குக் 'கல்வியும் தேசிய வளர்ச்சியும்' என்றே பெயரிட்டது. கல்வியை உற்பத்தியோடு இணைக்கப் பணி அனுபவம், அறிவியல் கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றைப் பரிந்துரைத்த அக்குழு, பல்கலைக்கழக நிலையிலும் வட்டார மொழிகள் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் பயிற்றுமொழியாதல் வேண்டும் என்றும் கூறியது. தொழில்துறைத் தொடர்பு, பயிற்றுமொழி ஆகிய இவ்விரண்டும் பெரும்பாலும் தனித்தனியே பேசப்படுகின்றன. இவை ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைத் தமிழ்க் கலைச்சொற்களின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இரு சொல்வழக்குகள்

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டு, பட்டமும் பட்டயமும் பெற்ற பொறியியலாளர்களும் அதன் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டனர். இவர்களுள் ஆங்கிலத்தில் பயின்றவர், தமிழில் பேசிப் பணிபுரியும் தொழிலாளரிடையே செல்லும்போது இரு சொல்வழக்குகள் எதிர்ப்படுகின்றன. அவற்றின் உறவை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, தொழிலில் வாழும் தமிழ்ச் சொல்லைப் பட்டதாரி அறியாதிருத்தல். நெசவில் வழங்கும் பாவு, ஊடை, நூற்பாலையில் வழங்கும் கதிர் ஆகியன இவ்வகையின. நெசவியல் பயின்றவர்க்கு வார்ப், வெஃப்ட், ஸ்பிண்டில் என்பனவே அறிமுகமானவை.

இரண்டாவது, ஆக்கப்பட்ட சொல் பட்டறையைச் சென்றடையாமை. நூலில் கடைசல் பொறி எனப்படுவது பட்டறையில் லேத் எனவே வழங்குகிறது. ஆயினும் 'கடைசல்' என்பது மரவேலையில் வழங்கிவரும் சொல்லாதலின் அது வேர்கொள்ள வாய்ப்புண்டு.

மூன்றாவது, இருசாராரும் ஏற்றுக்கொண்ட கடன்சொல். போல்ட், நட், மோட்டார் போன்றவற்றிற்கு மாற்றுத் தேடுவதால் பயன் மிகுதியில்லை.

தொழிற்பயிற்சி நிலையங்களில் பிரிவுகளுக்கு வழங்கும் பொருத்துநர், கடைசலர், கம்மியர் என்னும் பெயர்கள் இவ்விரு வழக்குகளுக்கும் இடையே நிற்கின்றன. இவற்றுள் கம்மியர் என்பது கைவினைஞரைக் குறித்த பழஞ்சொல். பழஞ்சொல் புதுப்பொருளில் பயன்படுவதற்கு இது தக்க சான்றாகும்.

மொழியியலார், மொழிபெயர்ப்பாளர் பணி

அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961இல் தோன்றியது. தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் 2008இல் தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் அறிமுகப்படுத்தியது. எனினும் நூலில் உள்ள சொல் தொழிற்கூடத்தில் விளங்காவிடின், தமிழ்வழிப் பட்டதாரியும் ஆங்கிலவழிப் பட்டதாரியைப் போன்றே தொழிலாளரிடமிருந்து விலகி நிற்பார்.

ஆகவே கலைச்சொல்லாக்கம் களத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். மொழியியல் மாணவரும் பொறியியல் மாணவரும் இணைந்து ஆலைகளிலும் பட்டறைகளிலும் சொற்களைத் தொகுத்தல், ஒரு கருவிக்கு வட்டாரந்தோறும் வழங்கும் பெயர்களை ஒப்பிடுதல், மொழிபெயர்த்த கையேட்டைத் தொழிலாளரிடம் படித்துக்காட்டித் திருத்துதல் ஆகியன பட்ட ஆய்விற்கு உரிய பணிகளே.

இதன் தேவை பாதுகாப்பு அறிவுரைகளில் தெளிவாகப் புலனாகும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என விதித்தது. மொழி தமிழாயிருந்தும் சொல் விளங்காதாயின் அவ்விதியின் நோக்கம் நிறைவேறாது. பொறியின் முன் நிற்பவரின் கையும் கண்ணுமே இடருக்குள்ளாகும்.

முடிவாக, பாடத்திட்டத்தை மாற்றுவதனால் மட்டும் பல்கலைக்கழகம் தொழிலோடு இணைந்துவிடாது. தொழில் செய்வோரின் மொழியை அறிவாக ஏற்று, அதனைப் பாடநூலுக்குள் கொண்டுவரும்போதே அவ்விணைப்பு நிறைவுறும் எனலாம்.