இடம் மாறும் மரபணு

பலநிற மக்காச்சோளக் கதிரை உரித்துப் பார்த்தால், சில மணிகளில் வெளிர்மஞ்சளின் மேல் ஊதா நிறம் தெறித்திருக்கும். ஒரு மணியில் பெரிய திட்டுகள். பக்கத்து மணியில் பொடிப்பொடியான புள்ளிகள். பார்பரா மெக்ளின்டாக் பல பத்தாண்டுகளை இந்தப் புள்ளிகளுக்கே கொடுத்தார்.

1902இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தவர். 1927இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மக்காச்சோளத்தின் பத்து ஜோடி குரோமோசோம்களையும் நுண்ணோக்கியில் தனித்தனியே அடையாளம் காண வழி செய்தவர் அவர்தான். 1941இல் நியூயார்க்கின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

மரபணுக்கள் நூலில் கோத்த பாசிமணிகள்போல தத்தம் இடத்தில் அசையாமல் இருப்பவை என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். மெக்ளின்டாக் கண்டது வேறு. நிறம் தரும் மரபணுவுக்குள் ஒரு துண்டு வந்து புகுந்துகொண்டால் மணி வெளுத்துப் போகிறது. மணி வளரும்போதே ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு வெளியேறினால், அந்தச் செல்லும் அதன் வாரிசுகளும் மீண்டும் ஊதாவாகின்றன. சீக்கிரமே வெளியேறினால் வாரிசுகள் அதிகம், திட்டும் பெரிது. கடைசி நேரத்தில் வெளியேறினால் சிறு புள்ளிதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு தாவல் எப்போது நடந்தது என்பதைப் புள்ளியின் அளவிலேயே படித்துவிட்டார்! அந்தத் துண்டு தானாக நகராது, அதை ஏவிவிட இன்னொரு மரபணு வேண்டும் என்பதும் அவர் கண்டதே. டி.என்.ஏ.வின் வடிவம் தெரியவருவதற்கு முன்பே, கலப்பினச் செடிகளையும் நுண்ணோக்கியையும் மட்டுமே நம்பி இவ்வளவும் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

1951இல் ஒரு கருத்தரங்கில் இதை விளக்கியபோது, கேட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பிடிபடவில்லை. சில ஆண்டுகளில், இதைப் பற்றி ஆய்விதழ்களில் எழுதுவதையே அவர் கைவிட்டார்; ஆய்வைக் கைவிடவில்லை. 1960களின் இறுதியில் பாக்டீரியாவிலும் இப்படித் தாவும் துண்டுகள் தென்பட்டன. 1983இல், 81ஆம் வயதில், நோபல் பரிசு வந்தது. மருத்துவ நோபலை யாருடனும் பகிராமல் பெற்ற ஒரே பெண் இன்றும் அவர்தான்.

மக்காச்சோள மரபணுத் தொகுதியில் சுமார் 85 சதவீதம் இத்தகைய துண்டுகளிலிருந்து வந்ததே. நம்முடையதில் ஏறத்தாழ பாதி. பெரும்பாலானவை இப்போது நகர்வதில்லை. ஆனால் நம் வெள்ளணுக்கள், மரபணுத் துண்டுகளை வெட்டி மாற்றி ஒட்டித்தான் விதவிதமான எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. அந்த வெட்டும் வேலையைச் செய்யும் நொதி, பல கோடி ஆண்டுகளுக்கு முன் தாவித் திரிந்த ஒரு துண்டிலிருந்து நமக்கு வந்தது.