கட்டிலருகே முடிந்த பேச்சு

1990களின் அமெரிக்க மருத்துவமனை. எழுபதைக் கடந்த ஒருவருக்குப் பக்கவாதம், வலப்பக்கம் விழுந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்றானதும் மறுவாழ்வு மருத்துவர் கட்டிலருகே வருவார். காலைத் தூக்கச் சொல்வார். தண்ணீர் விழுங்க முடிகிறதா என்று பார்ப்பார். வீட்டில் எத்தனை படி, கூட யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பார். ஒரு நாளைக்கு 3 மணி நேரப் பயிற்சியைத் தாங்குவார் என்று தோன்றினால், மறுவாழ்வு மருத்துவமனையில் இடம் பார்த்து அனுப்பிவிடுவார்.

பணம் பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர் தந்தது. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு தரவில்லை. பின்னால் கோப்பைப் புரட்டி, இது தேவையில்லாத சேர்க்கை என்று தொகையை மறுப்பதும் உண்டு. ஆனால் அந்த வழக்கு மருத்துவமனைக்கும் அரசுக்கும் இடையே. நோயாளி அதற்குள் கைத்தடியோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

இன்று மெடிக்கேர் பயனாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் மெடிக்கேர் அட்வான்டேஜ் திட்டங்களில் இருக்கிறார்கள். அங்கே சேர்க்கைக்கு நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். வழக்கு சிகிச்சைக்கு முன்னால் வந்துவிட்டது. காத்திருப்பின் விலையை நோயாளி கொடுக்கிறார். பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் வாரங்கள்தான் உடல் அதிகம் மீளும் காலம். அதில் சில நாள்கள் படுக்கையிலேயே கரைகின்றன.

அனுமதி மறுக்கப்பட்டால், மருத்துவர் நிறுவனத்தின் மருத்துவரோடு போனில் வாதாடலாம். எதிர்முனையில் இருப்பவர் நோயாளியைப் பார்த்ததில்லை. ஒருவருக்கு, "3 மணி நேரம் தாங்கமாட்டார், பராமரிப்பு இல்லம் போதும்" என்பார். இன்னொருவருக்கு, "நன்றாகத்தானே இருக்கிறார், பராமரிப்பு இல்லம் போதும்" என்பார். காரணம் எதிரெதிர், முடிவு ஒன்றே. மருத்துவரும் பேச்சை மாற்றிக்கொண்டார்: "நேற்று இரண்டு பேர் பிடித்துத்தான் எழுந்தார், இன்று ஒருவர் போதும். ரத்த அழுத்தம் நிலையாக இல்லை. டாக்டர் அடிக்கடி பார்த்தாக வேண்டும்."

மறுப்புகள் பெருகியது அரசின் கண்ணிலும் பட்டது. யுனைடெட் ஹெல்த்கேர் நிறுவனத்தின் மெடிக்கேர் அட்வான்டேஜ் திட்டங்களில் இத்தகைய தொடர் சிகிச்சைகளுக்கான மறுப்பு 2020இல் 10.9 விழுக்காடு, 2022இல் 22.7 விழுக்காடு என்று செனட் துணைக்குழு 2024இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் புது விதியும் வந்தது: மறுவாழ்வு மருத்துவமனைச் சேர்க்கைக்குப் பழைய மெடிக்கேரின் அளவுகோலையே தனியாரும் பின்பற்ற வேண்டும். இப்போது மருத்துவர் நோயாளியின் நிலையோடு விதி எண்ணையும் சொல்லி வாதாடுகிறார்.

எல்லாச் சிகிச்சைகளையும் சேர்த்துப் பார்த்தால், 2023இல் இத்திட்டங்களில் அனுமதி மறுக்கப்பட்டவற்றில் சுமார் 12 விழுக்காட்டுக்கே மேல்முறையீடு நடந்தது. அவற்றில் பத்தில் எட்டுக்கு மேல் முழுமையாகவோ ஓரளவோ மாற்றப்பட்டன. அன்று மருத்துவரின் கண் பார்த்தது போதுமாயிருந்தது. இன்று அவருக்கு வாதாட நேரமும் பிடிவாதமும் இருக்கிறதா என்பதும் சேர்ந்தே ஒருவர் நடப்பதைத் தீர்மானிக்கிறது.